சரிவில் வளரும் கால்கள்

சித்தேரி மலையிலிருந்து சிகிச்சைக்கு வரும் இளம் பெற்றோர் அண்மைக்காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை சீக்கிரம் நடக்கச் சக்கர வாக்கர் வாங்கலாமா?" வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காரணத்தைச் சொல்லப் பனிமலை வரை சென்று வர வேண்டியுள்ளது, வாசகர் பொறுத்தருள்க.

2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் களமிறங்கிய ஒரே வீரர், காஷ்மீரைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான். குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கருவிகள் விற்ற தந்தையிடம் நான்கு வயதிலேயே பழகத் தொடங்கியவர். அந்த வயதுச் சிறாருக்கு இவ்விளையாட்டில் வேகம் கற்பிக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் கைக்கோல்களும் தரப்படுவதில்லை. முழங்காலை மடக்கி, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, தன் கால்களாலேயே சமநிலை காக்கப் பழக்குகின்றனர்.

வீட்டிலிருந்து ஓடைக்கு இறங்கும் சித்தேரிக் குழந்தையும் இதைத்தான் செய்கிறது, கற்பிப்பார் எவருமின்றி. சரிவில் இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. சமதரை நடை அத்தசைக்கு இத்தனை வேலை தருவதில்லை. வெறுங்காலின் அடி, கல்லையும் மண்ணையும் உணர்ந்து கணுக்காலைத் திருத்துகிறது. பாண்டியாட்டத்தில் ஒற்றைக் காலால் தாவிக் கோட்டை மிதியாமல் நிற்பதும் இதே பயிற்சியே. நகரத்துப் பெற்றோர் கட்டணம் செலுத்திப் பெறும் பயிற்சி, இங்கு வாசலிலேயே கிடைக்கிறது.

சக்கர வாக்கரோ இவை அனைத்தையும் பறித்துவிடுகிறது. குழந்தை இருக்கையில் தொங்கியவாறு நுனிக்காலால் தரையை உந்துகிறது; தன் எடையைத் தான் தாங்குவதில்லை. மலைவீட்டின் சரிவான வாசலில் அது உருண்டால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கனடா 2004-ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்தது. நம் பழைய மர நடைவண்டி வேறு வகை. அதில் குழந்தை தானே நின்று, தானே தள்ளுகிறது. பெரியவர் அருகிருக்கச் சமதரையில் தாராளமாகத் தரலாம்.

அவசரமே இங்கு உண்மையான நோய். "அடுத்த வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது" என்னும் ஒப்பீடு தாய்மாரை வதைக்கிறது. பெய்ஜிங்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பெற்ற நார்வே நாட்டில், சிறு பிள்ளைகளின் போட்டிகளுக்குத் தரவரிசை வெளியிடுவதையே விளையாட்டு விதிகள் தடுக்கின்றன. நடைக்கும் அவ்வாறே தரவரிசை வேண்டா. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப்படி, நலமுள்ள குழந்தைகள் எட்டாம் மாதம் முதல் பதினெட்டாம் மாதத்திற்குள் எப்போது வேண்டுமானாலும் தனித்து நடக்கத் தொடங்கலாம். ஒன்று முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலசைவு வேண்டும் எனவும் அந்நிறுவனம் கூறுகிறது. கைப்பேசி முன் அமர்த்தப்பட்ட பிள்ளைக்கு அது எங்ஙனம் கிட்டும்?

பொறுமைக்கும் எல்லை உண்டு. பதினெட்டு மாதம் நிறைந்தும் தனித்து நடக்காத பிள்ளை, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தும் பிள்ளை, கற்ற அசைவை இழந்த பிள்ளை ஆகியோரை, "அப்பனும் தாமதமாகத்தான் நடந்தான்" என்று வீட்டில் வைத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, அன்று மட்டும் பிள்ளையைக் காட்டு வேலைக்கு உடனழைத்துச் செல்லாதீர்கள்.