ஒரு வார்ப்புக்கு நான்கு நடை

எங்கள் கொல்லயில் பஞ்சாயத்தில் எண்ணெய்ச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் சொல்வது ஒரே வழிதான்: களியக்காவிளையில் போய் அடி. தனுவச்சபுரத்திலிருந்து பாறசாலை, இஞ்சிவிளை தாண்டினால் களியக்காவிளை. ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன, நாங்கள் இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் டீசல் லிட்டருக்கு மூன்று ரூபாய் அளவிலும் பெட்ரோல் ஐந்து ரூபாய்க்கு மேலும் குறைவு.

காரணம் வரிதான். கேரளத்தில் டீசலுக்கு விற்பனை வரி 22.76 சதவீதம். அதற்குமேல் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் வரி, ஒரு சதவீதம் செஸ். 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்பு செஸ் என்று இன்னும் இரண்டு ரூபாய். தமிழ்நாட்டில் டீசலுக்கு 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். அந்த இரண்டு ரூபாய் செஸ் முதியோர் பென்ஷனுக்குப் போகிறது என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். பென்ஷன் வாங்கும் கிழவிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால் அந்த வரியை நான் குறை சொல்லப்போவதில்லை. என் குறை வேறு. எல்லை தாண்டிப் போய் மூன்று ரூபாயைத் தேடுகிற நாம், நம் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் போவதில் எத்தனை லிட்டர் ஒழுகுகிறது என்று பார்ப்பதே இல்லை.

என் அண்ணனிடம் ஒரு பிக்கப்பும் ஒரு கான்கிரீட் மிக்சரும் இருக்கின்றன. வீடு கட்டுகிறவர்களுக்குக் கூரை வார்ப்புக்காக மிக்சரை வாடகைக்கு விடுகிற தொழில். ஓட்டுவதும் வேலை பிடிப்பதும் அண்ணன். கணக்கு எழுதுவது நான். எந்த நடைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று நோட்டில் குறித்துவைக்கிறேன். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் களியக்காவிளைக் கணக்கு. போய்வர 15 கிலோமீட்டர். காலியாகப் போனால் எங்கள் பிக்கப் லிட்டருக்கு 12 கொடுக்கும். ஆகவே போய்வரவே ஒன்றேகால் லிட்டர், அதாவது 120 ரூபாய். முப்பது லிட்டர் அடித்தால் மிச்சம் 90 ரூபாய். முப்பது ரூபாய் நஷ்டம், அரைமணி நேரமும் போச்சு. மார்த்தாண்டம் பக்கம் வேலை இருந்தால் போகிற வழியில் அடிக்கலாம், அதில் லாபம் உண்டு. எண்ணெய் அடிப்பதற்கென்றே போவது பிக்கப்காரனுக்குக் கட்டாது. டாங்க் நிறைய அடிக்கிற பெரிய லாரிக்காரன் கணக்கைப் பார்த்து நாமும் கிளம்பக் கூடாது.

இனி மிக்சர். ட்ரம், எஞ்சின், ஜல்லியும் மணலும் தட்டுகிற ஹாப்பர் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல் கனம். இரண்டு சக்கரம், பிக்கப்பின் பின்பக்கம் கொக்கியில் பின் போட்டு மாட்டுவது. இதை இழுத்துக்கொண்டு போனால் 12 கொடுத்த அதே வண்டி எட்டரைக்கு வந்துவிடும். வெள்ளறடை, பனச்சமூடு பக்கத்து ஏற்றங்களில் எட்டுக்கும் கீழே. கட்டடம் கட்டுகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாடகை பேசும்போது அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “கோவளம்தானே, இருபத்தைந்து கிலோமீட்டர். வண்டிச்சத்தம் என்ன பெரிசா ஆகும்?”

இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது அவர் தம் பைக்கில் ஒருமுறை வந்துபோகும் தூரத்தில் பாதி. எங்கள் வண்டிக்கு அது நான்கு நடை. முதல்நாள் மாலை மிக்சரைக் கொண்டுபோய் இறக்குவது ஒன்று. பிக்கப்புக்கு மறுநாள் வேறு ஓட்டம் இருப்பதால் வெறும் வண்டியாகத் திரும்புவது இரண்டு. வார்ப்பு முடிந்ததும் எடுக்கப் போவது மூன்று. இழுத்துக்கொண்டு வீடு சேர்வது நான்கு. மொத்தம் நூறு கிலோமீட்டர். அதில் ஐம்பது சுமையோடு, ஐம்பது காலியாக. பத்து லிட்டருக்கு மேல் டீசல், கேரள விலையில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். மிக்சரின் எஞ்சின் நாள் முழுக்கக் குடிப்பது தனி. இந்த ஆயிரம் ரூபாயை வாடகைக்குள் மறைத்துப் பேசினால் வாடகை அதிகம் என்கிறார்கள். மறைக்காமல் பேசினால் “நாலு நடை எதுக்கு?” என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

மழை நாள் இதைவிட மோசம். இடவப்பாதி மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்தால் வார்ப்பை மறுநாளைக்குத் தள்ளிவிடுவார்கள். அது நியாயம்தான், மழையில் வார்த்த கூரை யாருக்கும் வேண்டாம். ஆனால் அதற்குள் மிக்சர் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த நாள் வேறொரு இடத்தில் ஒப்புக்கொண்ட வேலைக்கு அதைத் திரும்ப இழுத்து வர வேண்டும். “வேலை நடக்கலியே, எதுக்குக் காசு?” என்பார் வீட்டுக்காரர். வேலை நடக்கவில்லை, டீசல் எரிந்துவிட்டது.

எண்ணெய் எங்கே போகிறது என்று தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் படிக்கும் என் அக்கா மகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் டீசலில் உள்ள சக்தியில் சக்கரத்துக்கு வந்து சேர்வது கால்பங்குக்குச் சற்று மேல்தான். மீதி சூடாகப் போய்விடும். வந்து சேர்கிற அந்தக் கொஞ்சத்தைப் பங்கு கேட்பவை நான்கு: டயர், காற்று, ஏற்றம், நின்று எழுவது.

டயரை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் கையில் இருக்கிறது. 1,200 கிலோ மிக்சரை நல்ல டயரில், சரியான காற்றோடு, சமமான ரோட்டில் நூறு கிலோமீட்டர் இழுக்க ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போதும். ஆனால் மிக்சருக்கு யார் நல்ல டயர் போடுகிறார்கள்? ஜீப்பிலிருந்து கழற்றிய தேய்ந்த டயர்தான் அதற்கு. பஞ்சரானால் தவிர யாரும் அதன் காற்றைப் பார்ப்பதில்லை. அமுங்கிய பழைய டயர் அதே தூரத்துக்கு இரண்டரை, மூன்று லிட்டர் கேட்கும். களியக்காவிளையில் முப்பது லிட்டர் அடித்துக் கிடைக்கும் 90 ரூபாயைவிட அதிகம், பத்து நிமிடம் செலவழித்துக் காற்று பிடித்தால் நூறு கிலோமீட்டரில் கிடைத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இப்போது மிக்சரைக் கொக்கியில் மாட்டும் முன் காற்று பார்க்காமல் அண்ணன் வண்டி எடுப்பதில்லை.

ஏற்றத்தை ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் ஊரே மேடும் பள்ளமும்தான். இறங்கும்போது அந்தச் சக்தி திரும்பக் கிடைக்குமே என்று நினைக்கலாம். மிக்சருக்கு பிரேக் கிடையாது. அது தள்ளிக்கொண்டு வருவதையும் சேர்த்து பிக்கப்பின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். ஏறும்போது டீசலாகப் போனது இறங்கும்போது பிரேக் லைனராகத் தேய்கிறது. கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான். இழுவை வண்டிக்காரர் எண்ணெயை மட்டும் கணக்கில் எழுதினால் பாதிச் செலவை எழுதாமல் விட்டதாகவே அர்த்தம்.

நின்று எழுவதற்கு நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் சாட்சி. பிக்கப்பும் மிக்சரும் சேர்ந்த மூன்றரை டன்னை நின்ற நிலையிலிருந்து நாற்பது வேகத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இருபது மில்லி டீசல். ஐம்பது தடவை நின்று எழுந்தால் ஒரு லிட்டர். அதனால் கோவளம், கழக்கூட்டம் பக்கம் போக காரோடு பைபாஸே மேல். ஆனால் முக்கோலைவரை அகலமான கான்கிரீட் ரோடு, வண்டி தானாகவே அறுபதுக்குப் போகப் பார்க்கும். அங்கேதான் காற்று தன் பங்கைக் கேட்கும். நாற்பதிலிருந்து அறுபதுக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. பிரேக் இல்லாத ஒரு டன் இரும்பு அறுபதில் பின்னால் ஆடிக்கொண்டு வருவது உயிருக்கும் ஆபத்து. மிக்சர் இழுக்கிறவர்கள் எந்த ரோடானாலும் நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரருக்குத் தெரியும்படி சிவப்பு ஒளிப்பட்டையும் ஒட்ட வேண்டும்.

இந்தக் காற்றுக் கணக்கு இன்னொருவருக்கும் பயன்பட்டது. எங்கள் தெருவில் சவூதியிலிருந்து நிரந்தரமாகத் திரும்பிய ஒரு அண்ணன், ஜீப்பின் பின்னால் இழுத்துப் போகிற மாதிரி படுக்கை, அடுப்போடு சின்ன வீடு ஒன்று செய்துகொள்ள ஆசைப்பட்டார். பாலைவனத்தில் அப்படிப்பட்ட கேரவன்களைப் பார்த்திருக்கிறார். “தங்கச்சி, நீதான் நோட்டு வச்சிருக்கியே, லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்டார்.

மிக்சருக்கு எடை பெரிய செலவு. கேரவனுக்கு அதன் முகம்தான் பெரிய செலவு. இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள பெட்டி ஒரு சுவரைப்போலக் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தனியாக 12 கொடுக்கும் ஜீப், அதை அறுபது வேகத்தில் இழுத்தால் எங்கள் கணக்குப்படி ஏழு கொடுக்கும். எண்பதில் ஆறுக்கும் கீழே. அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஒன்றே முக்கால் மடங்கு ஏறுகிறது. கேரவன் பழகிய நாடுகளிலும் இழுக்கும்போது மைலேஜ் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைவது சாதாரணம். ஜெர்மனியில் இழுவை வண்டிக்குப் பொதுவான வேக வரம்பு 80 கிலோமீட்டர், கலிபோர்னியாவில் 55 மைல். பாதுகாப்புக்காகப் போட்ட வரம்புதான், எண்ணெயையும் அதுவே காப்பாற்றுகிறது. சவூதியில் பெட்ரோல் இங்கே விற்கும் விலையில் பாதி; அங்கே பார்த்த கணக்கு இங்கே செல்லாது.

கேரள அரசு 2021-ல் ‘கேரவன் கேரளா’ என்று கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே அறிவித்தது. முதல் நூறு வண்டிகளுக்கு ஏழரை லட்சம் ரூபாய்வரை மானியம் என்றார்கள். 2022-ல் வாகமணில் முதல் கேரவன் பூங்காவும் வந்தது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் அது. இரண்டு டன் பெட்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் இரண்டு லிட்டர் டீசல் போகும். தூரத்தின் செலவு வேறு. வண்டி வாங்க மானியம் கொடுப்பதைவிட, பூங்காவிலேயே கேரவன்களை நிறுத்திவைத்து, ஆட்களைக் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் வரவழைப்பது அறிவுள்ள செலவு என்று நான் நினைக்கிறேன். தங்குவதற்குத்தானே அந்தப் பெட்டி? தங்கும் இடத்திலேயே அது இருக்கட்டும். சவூதியிலிருந்து வந்த அந்த அண்ணனும் கடைசியில் பெட்டியை விட்டுவிட்டு, ஜீப்பின் மேலே மடித்து வைக்கிற கூடாரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இழுக்கத் தேவையில்லாததை இழுக்காமலிருப்பதுதான் பெரிய மிச்சம். மிக்சர் தொழிலில் அதற்கு இடம் நிறையவே இருக்கிறது. காலையில் களியக்காவிளை ஜங்ஷனில் நின்று பாருங்கள். கொல்லயில், பாறசாலை மிக்சர்கள் மார்த்தாண்டத்துக்குப் போகும். மார்த்தாண்டம், குழித்துறை மிக்சர்கள் நெய்யாற்றின்கரைக்கு வரும். வேலை சொந்தக்காரர் மூலமாகவும் தெரிந்தவர் மூலமாகவும் வருவதால் இப்படி. இரண்டு பக்கத்து முதலாளிகளும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரே பாஷை பேசுகிறவர்கள், பாதிப் பேர் பெண் கொடுத்து எடுத்தவர்கள். அந்தப் பக்கத்து வேலையை அந்தப் பக்கத்து மிக்சருக்கு விட்டுக்கொடுத்து, இந்தப் பக்கத்து வேலையை வாங்கிக்கொண்டால் இரண்டு வண்டியும் வீட்டருகிலேயே ஓடும். என் அண்ணன் மார்த்தாண்டத்து நண்பர் ஒருவரோடு இப்படி மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார். வேலையைத் தந்துவிட்டால் ஆள் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் முதலில் இருந்தது. மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டிக் காட்டியதும் அது குறைந்தது.

வீடு கட்டுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவே. மிக்சர் பேசும்போது, அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். பக்கத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள். வண்டிச்சத்தத்தை வாடகையிலிருந்து பிரித்து, நான்கு நடைக்கும் எழுதி வாங்குங்கள், கொடுங்கள். மழையால் வார்ப்பு நின்றால் ஓடிய நடைக்கான டீசல் காசையாவது அன்றே கையில் கொடுத்து அனுப்புங்கள்.