பேஸ்மென்ட் கட்டும் பிள்ளைகளும் ஏழாவது தேவையும்

1/
"டாக்டர், பையன் லீவு முழுக்க கம்ப்யூட்டர்ல வீடு கட்டுறான். அதுவும் மண்ணுக்குக் கீழ ரூம் ரூமா கட்டுறான். மனசுல ஏதும் பிரச்சனையா இருக்குமோ?"

இந்த விடுமுறையில் இப்படிக் கேட்ட பெற்றோர் ஒன்றிரண்டு பேர் இல்லை. எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க மக்களே.

2/
சுருக்கமான பதில்: பிரச்சனை இல்லை. கட்டட்டும்.

நீளமான பதில்: அந்த விளையாட்டு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லித் தராமல் விட்டுவிடுகிறது. அதை நாம்தான் சொல்லித் தரணும். அதைவிட முக்கியம், நாம முதல்ல கத்துக்கணும்.

3/
விளையாட்டின் பெயர் 'தி சிம்ஸ்'. 2000-ல் வந்தது. உருவாக்கியவர் வில் ரைட். 1991-ல் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் அவர் வீடு எரிந்துபோனது. ஒவ்வொரு சாமானாக வாங்கி வாழ்க்கையைத் திரும்ப அடுக்கிய அனுபவத்திலிருந்துதான் இந்த விளையாட்டுக்கான யோசனை வந்தது.

தீயில் வீடு இழந்தவர் யோசித்த விளையாட்டு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

4/
இதில் நிலவறை கட்டுவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை. இரண்டாம் பாகத்தில் அதற்கென்று தனிக் கருவியே கிடையாது. மண்ணைத் தாழ்த்தி, சுவரை ஏமாற்றி, ரகசியக் குறியீடுகள் போட்டுக் கட்டினார்கள். மூன்றாம் பாகத்தில் பின்னால் வந்த ஒரு அப்டேட்டில் தனிக் கருவி கிடைத்தது. நான்காம் பாகத்தில் தரைக்குக் கீழே நான்கு தளம் வரை இறங்கலாம். மவுசைப் பிடித்து இழுத்தால் போதும், அறை தயார்.

5/
இதை வெட்டி வேலைன்னு திட்டுறதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு குழந்தை தளத்துக்குத் தளம் படி எங்கே வைப்பது, சமையலறை எங்கே, படுக்கை எங்கே, கையிருப்புப் பணம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. நாம தீப்பெட்டியிலும் களிமண்ணிலும் கட்டின வீட்டை அது திரையில் கட்டுகிறது. நேரம் அளவா இருக்கணும், தூக்கம் கெடக்கூடாது. அவ்வளவுதான் என் நிபந்தனை.

6/
இப்ப விஷயத்துக்கு வருவோம்.

நான்காம் பாகத்தில் ஒவ்வொரு சிம் மனிதனுக்கும் ஆறு தேவைகள்: பசி, தூக்கம், கழிப்பறை, குளியல், பொழுதுபோக்கு, ஆள் துணை. இந்த ஆறும் பச்சையாக இருந்தால் அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

ஏழாவதாக ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. காற்று.

7/
நான்கு தளம் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், ஒரு சிம் வருஷக்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுவான். மூச்சு முட்டாது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. தீப்பிடித்தால் தீ பட்டுச் சாவான், புகையில் சாக மாட்டான்.

நிஜ உலகில் கதை தலைகீழ். கட்டட விபத்துகளில் தீ தொடும் முன்பே புகை கொன்றுவிடுகிறது.

8/
புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போதும் 98, 99 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஏனென்றால் அந்தச் சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூடிய இடத்தில் ஓடும் ஜெனரேட்டரும், இரவில் அறைக்குள் கனியும் கரி அடுப்பும் இப்படித்தான் கொல்கின்றன.

9/
நம்ம ஊருக்கு வருவோம்.

திண்டுக்கல்லில் ஒரு கொத்தனாரிடம் போய் "பேஸ்மென்ட் போடணும்"னு சொல்லிப் பாருங்க. அவர் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை அடி உயரம் சார்?"

நமக்கு பேஸ்மென்ட் என்றால் மேலே ஏறுவது. வானம் தோண்டி, கடகால் போட்டு, ரோட்டு மட்டத்துக்கு மேல மூணு அடி எழுப்பி, பெல்ட் போட்டு, அதுக்கு மேலதான் வீடு. வடிவேலு காமெடியில் வீக்கா ஸ்ட்ராங்கா என்று விசாரிக்கப்படுவதும் அந்த பேஸ்மென்ட்தான்.

10/
இங்கிலீஷ்காரனுக்குக் கீழே இறங்கும் சொல், நம்ம கொத்தனார் வாயில் மேலே ஏறிவிட்டது. அதைத் தப்பான இங்கிலீஷ் என்று சிரிக்காதீங்க.

மழைத் தண்ணி உள்ளே வரக்கூடாது, பூச்சி பொட்டு ஏறக்கூடாது, ஈரம் சுவரில் ஏறக்கூடாது என்று யோசித்துக் கட்டினவர்களின் அறிவு அதில் இருக்கிறது. திண்ணை வைத்த பழைய வீடுகளும் அப்படித்தான், மனுஷனை மண்ணிலிருந்து கொஞ்சம் தூக்கி உட்கார வைத்தன. என் கணக்கில் அது பொதுச் சுகாதாரம்.

11/
அப்படின்னா பூமிக்குக் கீழே மனுஷன் வாழவே கூடாதா? வாழ்ந்திருக்கிறான், வாழ்கிறான்.

துருக்கியின் டெரிங்குயுவில் பாறையைக் குடைந்து தளம் தளமாக ஒரு நகரமே இருந்தது. ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் வெயிலுக்குப் பயந்து இன்றைக்கும் மண்ணுக்குள் குடும்பம் நடத்துகிறார்கள். முகலாயர் காலத்து வட இந்திய மாளிகைகளில் கோடைக்கென்றே தைகானா என்று நிலவறை வைத்தார்கள்.

12/
ஆனால் டெரிங்குயுவில் ஆழமான காற்றுக் கிணறுகள் உண்டு. கூபர் பீடி வீடுகளின் கூரையில் காற்றுக் குழாய்கள் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அவர்கள் அறையை யோசிக்கும்போதே காற்றையும் யோசித்தார்கள்.

நாம இப்ப என்ன பண்றோம்? கார் நிறுத்தவும் சாமான் போடவும் அனுமதி வாங்கின இடத்தில் ஏசியை மாட்டி ஆளை உட்கார வைக்கிறோம்.

13/
2024 ஜூலை 27. டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகர். சிவில் சர்வீஸ் பயிற்சி மையம் ஒன்றின் பேஸ்மென்ட்டில் நூலகம். வாகனம் நிறுத்தவும் பொருள் வைக்கவும் மட்டுமே அனுமதி பெற்ற இடம். ஒரு மழை, ரோட்டில் தேங்கிய தண்ணி உள்ளே பாய்ந்தது. மூன்று மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். ஐஏஎஸ் கனவோடு போன பிள்ளைகள்.

14/
2011 டிசம்பர் 9. கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனை. வண்டி நிற்க வேண்டிய பேஸ்மென்ட்டில் எரியும் பொருட்களைக் குவித்து வைத்திருந்தார்கள். தீ பிடித்தது கீழே. புகை ஏறியது மேலே, படுக்கையில் கிடந்த நோயாளிகளிடம். சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் உடலில் தீ படவே இல்லை.

15/
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னை வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த பெரும் பள்ளம் சரிந்து, தண்ணீர் நிறைந்து, இரண்டு பேரை விழுங்கியது. உடல்களை எடுக்க நாட்கள் ஆயின.

வெளியூர்க் கதை மட்டும் இல்லீங்க. 2024 டிசம்பர் 12 ராத்திரி நம்ம திருச்சி ரோட்டிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் தீ. ஆறு உயிர், அதில் ஒரு சிறுமி. லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் புகையில் மூச்சுத் திணறினார்கள். அது பேஸ்மென்ட் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: காற்றுக்கு வழி இல்லாத பெட்டிக்குள் மனுஷன் சில நிமிஷம்தான்.

16/
"எங்க வீட்ல பேஸ்மென்ட்டே இல்லையே டாக்டர்" என்கிறீர்களா? இருக்கிறது. அதன் பெயர் சம்ப். இன்னொன்றின் பெயர் செப்டிக் டேங்க். பாறை ஊரான நம்ம திண்டுக்கல்லில் அதை உடைத்துத் தோண்ட எவ்வளவு செலவு பண்ணுகிறோம் என்று வீடு கட்டின எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் இறங்கும் ஆளுக்குக் காற்று இருக்கா என்று பார்ப்பதற்கு மட்டும் செலவே பண்ணுவதில்லை.

17/
புதுசாகக் கட்டின, ஒரு சொட்டு சாக்கடைகூடப் படாத தொட்டியும் கொல்லும். காங்கிரீட் போட்டு வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் தொட்டியில் ஈரமான சென்ட்ரிங் பலகை மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைக் கிருமிகள் தின்றுவிடும். பலகை பிரிக்க இறங்குபவர் கீழே போனதும் சுருண்டு விழுவார்.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 10-க்குக் கீழே போனால் சீக்கிரமே மயக்கம். 6-க்குக் கீழே போனால் சில மூச்சிலேயே விழுந்துவிடுவோம், கத்தக்கூட நேரம் இருக்காது.

18/
செப்டிக் டேங்கில் இன்னும் மோசம். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே அது மரத்துப்போகச் செய்யும். "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் அந்த நொடிதான் ஆபத்தின் உச்சம்.

கயிற்றில் விளக்கு கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இங்கே வேண்டாம். மீத்தேன் இருந்தால் வெடிக்கும். விளக்கு எரிவதால் விஷவாயு இல்லை என்றும் ஆகாது.

19/
இதில் மனசை உடைக்கும் விஷயம் ஒன்று. ஒருவர் விழுந்ததும் அண்ணன் இறங்குவார், அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது: இப்படிப்பட்ட மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்.

பாசம் ஆக்சிஜன் தராது. இறங்காதீங்க. மேலே நின்று 101-க்கும் 108-க்கும் கூப்பிடுங்க. முடிந்தால் மூடிகளைத் திறந்து, புளோயர் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளுங்க. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம். இயந்திரத்துக்குச் சொல்லுங்க.

20/
சரி, பையனிடம் என்ன சொல்லணும்? கம்ப்யூட்டரைப் பிடுங்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து அவன் கட்டின நிலவறையைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்க. பிறகு நாலே கேள்வி கேளுங்க:

காற்று எந்த வழியா வருது?
மழை பெஞ்சா தண்ணி எங்கே போகும்?
கரண்ட் போனா வெளிச்சம் ஏது?
படிக்கட்டில் தீப்பிடிச்சா இன்னொரு வழி எங்கே?

அந்த நாலுக்கும் பதில் தேடித் திரும்பக் கட்டுகிற பிள்ளை நாளைக்கு நல்ல இன்ஜினியர் ஆவானோ இல்லையோ, மூச்சுக்கு வழி இல்லாத அறைக்குள் பேசாமல் போய் உட்கார மாட்டான்.

21/
இதே நாலு கேள்வியை நாமளும் கேட்கணும். தரைக்குக் கீழே இருக்கும் டியூஷன், லேப், மண்டபத்துச் சாப்பாட்டு ஹால், ஜிம் எதுவானாலும் சரி. "ஏசி இருக்கு சார்" என்பது பதில் ஆகாது. நம்ம வீட்டு ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிரவைத்துச் சுற்றவிடும்.

இதில் எங்க துறைக்கு விலக்கு கிடையாது. ஸ்கேன் எடுக்க நோயாளியைக் கீழே இறக்கும் எந்த மருத்துவமனையும், ஸ்ட்ரெச்சர் போகிற இரண்டாவது வழியைக் காட்டிவிட்டுத்தான் இறக்கணும். கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தை மாத்திக்கோங்க.

22/
கடைசியா ஒன்று. ஜன்னலை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, நாள் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிள்ளையை உட்கார வைத்தால், மாடி ரூமும் பேஸ்மென்ட்தான். வெளியே பகல் வெளிச்சம் பத்தாயிரம் லக்ஸுக்கு மேல். வீட்டுக்குள் சில நூறு. வெளியில் நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

நாலு தளம் கட்டி முடித்ததும் ஒரு மணி நேரம் தெருவில் ஓடிவிட்டு வரட்டும். சிம்முக்கு ஆறு தேவை போதும், நம்ம பிள்ளைக்கு ஏழாவதும் வேணும்.

வீட்டில் சம்ப் இருக்கும் எல்லாருக்கும் 17 முதல் 19 வரையாவது அனுப்புங்க.


திண்டுக்கல்லிலிருந்து ஒரு பொது மருத்துவர்