லாலாஜியின் 18 தோட்டாக்கள்

கான்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் நகைக்கடை வைத்திருக்கிறார். தெரு முழுக்க அவரை லாலாஜி என்கிறது, நானும்தான். போன மாதம் ஒரு ஞாயிறு, காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். தோளில் ரெக்ஸின் பை. "வாங்க பாயி சாகிப், ஒரு இடத்துக்குப் போய் வரலாம்." பையில் என்ன என்று கேட்டேன். பேத்தி பிறந்த செய்தியைச் சொல்கிறவர் போன்ற முகத்துடன், குரலைத் தாழ்த்தி, "வந்துவிட்டது" என்றார்.

வந்திருந்தது ஒரு ரிவால்வர். .32 காலிபர், 'பிரபல்' என்று பெயர். பழைய ராணுவத் தளவாட வாரியம் 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான அரசு நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட மாடல். எடை 700 கிராம். பழைய .32 ரிவால்வரை நடுவில் மடித்துத்தான் தோட்டா போட வேண்டும். இதில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கிறது. 50 மீட்டர் வரை சுடலாம் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. 9 மி.மீ., .38 எல்லாம் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது என்பதால், கைத்துப்பாக்கி என்றால் இங்கே பெரும்பாலும் .32தான்.

லாலாஜிக்கு இது ஆசைக்கு வாங்கியதல்ல. மூன்று வருடம் முன்பு, கடையை அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் வரும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவரைத் தள்ளிவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். முழங்கையில் தழும்பு இருக்கிறது. பணம் போனதைவிட, வாயைத் திறந்து கத்தக்கூட முடியாமல் போனதுதான் அவரை உறுத்தியது. மறுவாரமே மனு போட்டார். போலீஸ் விசாரணை, உளவுப் பிரிவு அறிக்கை, கலெக்டர் ஆபீஸ் படிகள் என்று இரண்டரை வருடம் ஓடியது. கூட்டம் அப்படி. 2016 இறுதியில் உள்துறை அமைச்சகம் எடுத்த கணக்கின்படி நாடு முழுவதும் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் துப்பாக்கி லைசென்ஸ்கள், அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். திருமணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டுத் துப்பாக்கியையும் சொத்துக் கணக்கில் சேர்க்கிற ஊர் இது.

நகருக்கு வெளியே ஒரு சுடுதளம். மூன்று பக்கம் செங்கல் சுவர், எதிரே உயரமான மண்மேடு, ஒரு தகரக் கொட்டகை, அதில் ஓய்வு பெற்ற ஒரு சுபேதார். ரிவால்வரைக் கையில் வாங்கியதும் முதலில் சிலிண்டரைத் திறந்து பார்த்தார். "காலிதான், நான் பார்த்துவிட்டேன்" என்றார் லாலாஜி. "நீங்கள் பார்த்தது உங்களுக்கு. நான் பார்ப்பது எனக்கு" என்றார் சுபேதார். இலக்கைப் பார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே. குழல் எப்போதும் மண்மேட்டைப் பார்த்து. இதை நாலு தரம் சொன்னார். லாலாஜி எனக்கும் ஒரு முறை நீட்டினார். லைசென்ஸ் என் பெயரில் இல்லை என்று சுபேதார் மறுத்துவிட்டார். எனக்கு நிம்மதி.

பத்து மீட்டரில் காகிதம். முதல் ஆறு.

சினிமாவில் கேட்கிற சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காதுக் கவசத்தையும் மீறி நெஞ்சில் தட்டுகிறது. ஆறு முடிந்து போய்ப் பார்த்தால் காகிதத்தில் இரண்டு ஓட்டை. அதில் ஒன்று ஓரத்தில், வேண்டா வெறுப்பாக. அடுத்த ஆறு, ஏழு மீட்டரில். மூன்று பட்டது. ஏழு மீட்டர் என்பது எங்கள் வீட்டு வாசலுக்கும் தெருமுனைப் பான் கடைக்கும் உள்ள தூரம்கூட இல்லை. "புதுத் துப்பாக்கி, இன்னும் பழகவில்லை" என்றார் லாலாஜி.

சுபேதார் பதில் சொல்லவில்லை. ரிவால்வரை வாங்கித் திரும்பி நின்று, மூன்று நல்ல தோட்டா, மூன்று சுட்ட காலித் தோட்டா, கலந்து போட்டு மூடிக் கொடுத்தார். எது எங்கே என்று லாலாஜிக்குத் தெரியாது. முதலாவது வெடித்தது. இரண்டாவதுக்கு விசையை அழுத்தினார். 'டிக்' என்று மட்டும் கேட்டது. வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனால் குழல் மட்டும் இரண்டு விரற்கடை கீழே குனிந்து தரையைக் கும்பிட்டது.

லாலாஜி சிரித்தார். மறுபடி டிக், மறுபடி கும்பிடு. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"துப்பாக்கிமேல் தப்பில்லை" என்றார் சுபேதார். "சத்தம் வரப்போகிறது என்று உடம்பு முந்திக்கொள்கிறது. குண்டு கிளம்பும் முன்பே கை குனிந்துவிடுகிறது. எனக்கும் ரெக்ரூட்டாக இருந்தபோது இப்படித்தான்." விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து, எப்போது வெடிக்கும் என்று நீயே ஆச்சரியப்பட வேண்டும் என்றார். கண் இலக்கில் அல்ல, குழல் முனையில் இருக்கும் குறியில் நிற்க வேண்டும் என்றார். மறுபடி மூன்றும் மூன்றும் கலந்து கொடுத்தார். இம்முறை கும்பிடு ஒன்றுதான். நல்ல தோட்டா மூன்றில் இரண்டு கறுப்பு வட்டத்துக்குள். லாலாஜியின் நெற்றியெல்லாம் வியர்வை.

பிறகு சுபேதார் கேட்டது எனக்குப் பிடித்தது. "கடையிலிருந்து வரும்போது இதை எங்கே வைப்பீர்கள்?" ரெக்ஸின் பையில். சரி, காலி ரிவால்வரைப் பையில் வைத்து ஜிப்பை மூடி, நான் சொன்னதும் எடுங்கள் என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜிப், உறை, பட்டன், பிடி. ஒன்பது விநாடி. "அன்றைக்கு அவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள்?" லாலாஜி பையைப் பார்த்துக்கொண்டே, "'அரே' என்று சொல்கிற நேரம்" என்றார்.

கொட்டகையில் டீ வந்தது. வாரம் எத்தனை சுட்டால் கை பழகும்? ஐம்பதாவது வேண்டும் என்றார் சுபேதார். லாலாஜியின் லைசென்ஸில் ஒரே நேரத்தில் 25, வருடத்துக்கு 50 என்று எழுதியிருக்கிறது. அதாவது ஒரு வாரப் பயிற்சியை வைத்துக்கொண்டு அவர் ஒரு வருடம் ஓட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள் பயிற்சிச் சான்றிதழ் கேட்கின்றன, அதுவும் அவரிடம் இருக்கிறது. ஒரு மதியம் ஏர் பிஸ்டலைப் பிடித்து வாங்கியது. தோட்டா கணக்கைத் தாராளமாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மேல்மாடிக் குழந்தையைக் கொல்கிற ஊரில் அப்படிச் சொல்ல மனம் வராது. 2019 திருத்தம் அதற்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் ஸ்கூட்டர் ஓட்டக்கூட எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிற அரசாங்கம், இந்த மனிதரின் குணத்தை, வழக்கை, வருமானத்தை இரண்டரை வருடம் விசாரித்துவிட்டு, ஒரு காகிதத்தில் பட வைத்துக் காட்டு என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லையே. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பது வேறு.

கிளம்பும்போது லாலாஜி காலித் தோட்டாக்களை எண்ணினார். அடுத்த தடவை தோட்டா வாங்கும்போது கடைக்காரர் காலியைக் கேட்பார். பதினேழுதான் இருந்தது. சுபேதார், லாலாஜி, நான் மூவரும் முட்டி போட்டு மண்ணைத் துழாவினோம். பத்து நிமிடம் கழித்து என் செருப்புக்கு அடியிலிருந்து கிடைத்தது. லாலாஜி அதை ஊதித் துடைத்து, மிச்சமிருந்த ஏழு நல்ல தோட்டாக்களோடு சேர்த்துவிடாமல், தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.