பேய் வளர்கிறது, நியாயம் தேய்கிறது!

"டிமான்ட்டி காலனிப் பக்கம் இருட்டினால் போகமாட்டேன் சார், சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன்!"

மயிலாப்பூரில் நான் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பு மாணவன் சொன்னான் இப்படி. கணக்கிலே கெட்டிக்காரன், ஒளியின் வேகம் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால், அந்தி சாய்ந்தபின் ஆழ்வார்ப்பேட்டையின் ஒரு தெருவைக் கடக்க அவனுக்குக் கால் எழவில்லை. படம் பார்த்தாயா என்று கேட்டேன். "2015-இல் வந்ததையும் பார்த்தேன், 2024-இல் வந்ததையும் பார்த்தேன் சார். மூன்றாவது எப்போது வரும்?" என்றான். முகத்திலே அச்சம், நாவிலே ஆவல்!

அந்த ஆவலை ஆராயவேண்டும், தோழர்களே! அஞ்சி நடுங்குகிறவன் ஏன் மீண்டும் நுழைவுச்சீட்டு வாங்குகிறான்?

சுவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நேற்றுக் கேட்ட கதையையே இன்றும் சொல்லச் சொல்லிப் பாட்டியை நச்சரித்தவர்கள் நாம். முடிவு தெரிந்த கூத்தை விடிய விடியப் பார்த்தவர்கள். நண்பர் நால்வர் தோளுரச அமர்ந்து, ஒன்றாக அலறி, ஒன்றாகச் சிரித்து, உயிரோடு வெளியே வருவதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது. அந்த இன்பத்தை அளந்து விற்கும் வாணிகம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் 'பிரைடே தி தேர்ட்டீன்த்' என்னும் கொலைப்படத் தொடர் 1980-இல் தொடங்கியது. 1984-இல் வந்த நான்காம் படத்துக்கு 'இறுதி அத்தியாயம்' என்றே பெயரிட்டனர். இறுதி எத்தனை நாள் நீடித்தது? மறு ஆண்டே ஐந்தாம் படம், 'புதிய தொடக்கம்' என்ற பெயரிலே! 1986-இல், புதைகுழியில் கிடந்த கொலைகாரன் ஜேசன் மின்னல் தாக்கி எழுந்துவந்தான். கல்லாப்பெட்டி அழைத்தால் கல்லறையும் திறக்கும்!

நம் ஊர்ப் பேய்க்கோ காலந்தவறாமை அதிகம். ராகவா லாரன்சின் 'முனி' 2007-இல் வந்தது, 'காஞ்சனா' 2011, அதன் இரண்டாம் பாகம் 2015, மூன்றாம் பாகம் 2019. நான்காண்டுக்கு ஒருமுறை, நாள் குறித்தாற்போல! சுந்தர் சி.யின் 'அரண்மனை' 2014 முதல் 2024 வரை நான்கு முறை கதவு திறந்தது. 'காஞ்சனா' நாயகனைப் பாருங்கள். ஒரு படத்தில் பேயோடு பழகி, பேய்க்கு உடலையே கொடுத்து, பகைவரை முடித்து வருகிறான். அடுத்த படத்திலோ, மறுபடியும் இருட்டைக் கண்டு நடுங்கித் தாயின் முந்தானையைத் தேடுகிறான்! அனுபவமே ஆசான் என்பார்கள். இந்த மாணவனுக்கு மட்டும் எத்தனை ஆண்டு படித்தாலும் அதே வகுப்பு!

அச்சம் கற்றுக்கொள்வதில்லை. அதுகூடப் போகட்டும். பாகம் ஏற ஏற எது தேய்கிறது என்பதுதான் என் வழக்கு.

2011-இன் 'காஞ்சனா'வில் சரத்குமார் ஏற்றது ஒரு திருநங்கையின் வேடம். நிலத்துக்காக ஒரு திருநங்கை கொல்லப்படுகிறாள். ஆவியாகத் திரும்பி நீதி கேட்கிறாள். கொட்டகையில் கைதட்டியவர்கள் பேய்க்கா தட்டினார்கள்? இல்லை, நியாயத்துக்குத் தட்டினார்கள். அடுத்த பாகங்களில் பெயர்ப்பலகையில் 'காஞ்சனா' இருந்தது. கதையில் அந்தத் திருநங்கை இல்லை. நியாயத்தை இறக்கிவிட்டுப் பேயை மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டுவிட்டது! ஆவி வந்தா திருநங்கையருக்கு உரிமை வாங்கித் தந்தது? 2008-இல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்ததும், 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றதும் உயிரோடு இருந்தவர்கள் நடத்திய போராட்டத்தின் விளைவு. செத்தபிறகு நீதி கிடைக்கும் என்று காட்டும் கலை, உயிரோடு இருக்கும்போது நீதி கேட்பதை மறக்கடிக்கும்.

'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பாசிலின் மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழ்' 1993-இல் வந்தது. அதன் வழியில் பி. வாசு 2005-இல் தமிழில் இயக்கினார். சலங்கை ஒலித்தது, கதவு நடுங்கியது; இறுதியில் தெரிந்தது என்ன? பேய் இல்லை, மன நோய்! விரட்டியவர் மனநல மருத்துவர். ஆச்சாரியார் ஒருவரும் துணைக்கு வந்தார், மறுக்கவில்லை. ஆயினும் நோய்க்குப் பெயர் சொன்னது மருத்துவமே. அந்தப் படம் அண்ணா சாலை சாந்தி திரையரங்கில் ஈராண்டுக்கு மேல் ஓடியது. பகுத்தறிவு விலைபோகாது என்போர் இதற்கு விடை சொல்லட்டும்! 2023-இல் அதே இயக்குநரின் இரண்டாம் பாகம் வந்தது. அங்கே மெய்யாகவே ஆவி! 18 ஆண்டில் மருத்துவர் போனார், பேய் வந்தது. முன்னேற்றமா இது? மாணவன் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணை ஆசிரியரே அழித்துவிட்டுச் சுழி போட்டதற்கு ஒப்பு அல்லவா?

இனி டிமான்ட்டிக்கு வருகிறேன். அடுத்த வாரம் அந்த மாணவனை உடன் அழைத்துக்கொண்டு, விளக்கேற்றும் நேரத்தில் அந்தப் பக்கம் நடந்தேன். நாய் ஒன்று குரைத்தது, ஆட்டோ ஒன்று ஒலியெழுப்பியது, வேறொன்றும் நேரவில்லை. பாதி வழியில் அவன் கேட்டான்: "சார், டிமான்ட்டி என்று நிஜமாகவே ஒருவர் இருந்தாரா?"

இரண்டு படம் பார்த்தவனுக்கு அன்றுதான் அந்தக் கேள்வி பிறந்தது! இருந்தார் என்றேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய வணிகர் ஜான் டிமான்ட்டி. நிலபுலன்களைத் திருச்சபையிடம் அறப்பணிக்கு விட்டுச் சென்றவர். கொடுத்துச் சென்றவரை, ஒரு கழுத்தணிக்காக இளைஞர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் ஆவியாக்கி அரங்கேற்றினோம். செத்தவர் வழக்குத் தொடுக்கமாட்டார் என்ற துணிவு! அந்தத் தெருவின் வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று கேட்டவர் சிலர். பேய் உண்டா என்று நள்ளிரவில் எட்டிப் பார்க்கப் போனவர் பலர். வாடகைக்கு அறை தேடி மயிலைக்கும் தியாகராய நகருக்கும் அலையும் இளைஞன் கேட்க வேண்டிய கேள்வியை, பேய் விழுங்கிவிட்டது.

தோழர்களே, படம் பார்க்காதீர் என்று தடைபோட நான் வரவில்லை. பாருங்கள், சிரியுங்கள், அலறவும் செய்யுங்கள். விளக்கெரிந்து வெளியே வரும்போது, உடன் வந்த தம்பியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: செத்தவர் யார்? கொன்றவர் யார்? உயிரோடு இருந்தபோது அவருக்கு நீதி மறுத்தவர் யார்? விடை தேடப் பழகியவன் மூன்றாம் பாகத்தையும் பார்ப்பான். ஆனால், வீட்டுக்கு நேர்வழியில் போவான்!

என் மாணவன் இப்போது சுற்றிக்கொண்டு போவதில்லை.