பட்டி பூசினால் துரு போகாது



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டார்: "சார், பதிமூணு வருஷ வண்டி. கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளிச்சிருக்கு. பட்டி வச்சு அடிச்சிடலாம்னு டிங்கரிங் கடையில சொல்றாங்க. சரியா?"

சரியில்லை என்பது என் கருத்து. அஸ்தினாபுரம், செம்பாக்கம், குரோம்பேட்டை பக்கம் பலருக்கும் உள்ள கேள்வி இது. அதனால் காரணத்தை இங்கேயே எழுதுகிறேன்.

மூன்று சோதனைக் குழாய், மூன்று ஆணி நினைவிருக்கிறதா? தண்ணீரும் காற்றும் இரண்டும் சேர்ந்த குழாயில் மட்டும் ஆணி துருப்பிடித்தது. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். நமக்கோ கடல் பக்கத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கிக் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வண்டியை வெளியே கழுவிவிடுகிறோம். கதவின் அடியிலும் ரன்னிங் போர்டுக்குள்ளும் புகுந்த சேறு அங்கேயே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட்டை மேலே தள்ளுகிறது. உள்ளிருந்து அரித்து வரும் துருவில், வெளியே காசு அளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே உள்ளங்கை அளவு தகரம் போயிருக்கும்.

அதன் மேல் பட்டி வைத்தால் அது துருவோடு ஒட்டுமே தவிர இரும்போடு ஒட்டாது. ஓரிரண்டு மழைக்காலத்தில் மறுபடி கொப்பளிக்கும்.

இது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் நம் வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குத் தனிச் சேசிஸ் உண்டு. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி இல்லை. பாடிதான் எலும்புக்கூடு. ரன்னிங் போர்டும் தரைத் தகரமும் அரித்துப் போய், மேலே பட்டி பளபளத்தால், மோதல் நேரத்தில் தாங்க அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளே உட்கார்ந்திருப்பது நம் பேரப்பிள்ளைகள்.

சரியான வேலை எது? துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். பழைய தகரத்தின் அதே கனத்தில் புதுத் தகரம் வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்ய வேண்டும். கார்த் தகரம் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. ஒரே இழுப்பில் வெல்டு வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். தொடங்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் உள்ள பெட்ரோல் குழாயையும் கார்ப்பெட்டையும் பார்க்க வேண்டும். முடிந்ததும் வெல்டு வைத்த இடத்துக்கு உள்பக்கமும் பிரைமர், மெழுகுப் பூச்சு தர வேண்டும். அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. நெளிவைச் சமன்செய்ய மெல்லிசாகப் பட்டி வைப்பதில் தவறில்லை. ஓட்டையை அடைக்கத்தான் அது ஆகாது.

மேலாகப் படிந்த துரு என்றால் வெட்ட வேண்டாம்; தேய்த்து பிரைமர் அடித்தால் போதும். வேலைக்கான செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் வண்டியைக் கழித்துவிடுங்கள். பட்டி பூசி, சொல்லாமல் இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே அடிப்பாகத்தைப் பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் அரித்த துருவுக்கு இன்சூரன்ஸ் பணம் வராது.

டிங்கர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. வெட்டி ஒட்டும் வேலைக்கு நாட்கணக்காகும். பெயிண்ட் அடித்தபின் அந்த உழைப்பு கண்ணில் படாது. கண்ணில் படாத வேலைக்கு நாம் பேரம் பேசுகிறோம்; அவர் பட்டியை எடுக்கிறார். முழுக் கூலி கொடுங்கள். பெயிண்டுக்கு முன் வெல்டிங்கை நேரில் போய்ப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குச் சந்தோஷப்படுவார்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதற்கு முதல் நாள் ஒரு டார்ச் எடுத்துக் குனிந்து அடியில் பாருங்கள். அடுத்து வருவது ஐப்பசி மழை.