நாய் செத்ததற்கு விடுப்பா?



இயற்பியல் கற்பிக்கும் ஒருவர் நாயைப் பற்றியும் பூனையைப் பற்றியும் எழுத வந்தது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவன் ஒருவன் மூன்று நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் விடுப்பு விண்ணப்பத்துடன் வந்தான். ‘எங்கள் வீட்டு நாய் இறந்துவிட்டதால்’ என்று காரணம் எழுதியிருந்தான். நான் அதை உரக்கப் படித்து, “நாய் செத்ததற்கு விடுப்பா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

மாத இறுதியில் கட்டணம் செலுத்த வந்த அவனுடைய தாயார் என்னைப் பார்க்க வந்தார். குறை சொல்வதற்காக அல்ல. மகன் ஒழுங்காகப் படிக்கிறானா என்று கேட்பதற்காக. பேச்சோடு பேச்சாகச் சில செய்திகள் தெரிந்தன. அவன் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். “ராத்திரி ஷிப்டுக்கு நான் மில்லுக்குப் போயிடுவேன் சார். அவனுக்கு அந்த நாய்தான் துணை. படிச்சு முடிக்கிற வரைக்கும் காலடியிலேயே படுத்திருக்கும்” என்றார் அந்த அம்மாள்.

மறுநாள், நான் சிரிக்க வைத்த அதே வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. துன்ப காலத்தில் ஒரு பிராணி மனிதனுக்குத் தரும் ஆறுதல் உண்மையானதா, அல்லது நாமாகக் கற்பித்துக்கொள்வதா? அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று உங்களுக்குச் சொல்லித் தருகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். எனவே, அளந்து பார்த்தவர்கள் யார் என்று தேடினேன்.

அளந்தவர்கள் கண்டது

அமெரிக்காவில் எரிக்கா ஃப்ரீட்மன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை அவர்கள் ஓராண்டுக் காலம் கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்தவர்கள் 53 பேர். அவர்களில் 3 பேர் இறந்தார்கள். பிராணி வளர்க்காதவர்கள் 39 பேர். அவர்களில் 11 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 6 எங்கே, நூற்றுக்கு 28 எங்கே!

உடனே துள்ளிக் குதித்துவிடாதீர்கள். ஊசல் சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நூலின் நீளத்தையும் குண்டின் எடையையும் ஒரே நேரத்தில் மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியுமா? முடியாது. இங்கும் அதே சிக்கல்தான். நாய் வளர்ப்பவர் அதைத் தினமும் வெளியே அழைத்துச் செல்கிறார். நலம் தந்தது நாயா, நடையா? தவிர, உடல் மிகவும் தளர்ந்தவர் நாய் வளர்க்கவே முன்வரமாட்டாரே!

நாய் அல்லாத வேறு பிராணிகளை வளர்த்தவர்களையும் அந்த ஆய்வாளர்கள் தனியே பார்த்தார்கள். அத்தகைய 10 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் 10 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஃப்ரீட்மன் 1995இல் 369 நோயாளிகளைக் கொண்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டார். அதில் நாய் வளர்த்தவர்களுக்கு நன்மை தெரிந்தது. பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே ‘பிராணி வளர்த்தால் ஆயுள் கூடும்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மார்க் போடாத நண்பன்

இன்னொரு சோதனை உங்களுக்கு மிகவும் பிடிக்கும். கேரன் ஆலன் என்பவர் தம் குழுவினருடன் செய்து 1991இல் வெளியிட்டது அது. நாய் வளர்க்கும் 45 பெண்களுக்கு மனக்கணக்குக் கொடுத்து வேகமாகச் செய்யச் சொன்னார்கள். அப்போது அவர்களுடைய நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். சிலருக்கு அருகில் நெருங்கிய தோழி இருந்தாள்; சிலருக்கு அருகில் அவர்களுடைய நாய் இருந்தது; மற்றவர்களுடன் இரண்டும் இல்லை. யாருடைய படபடப்பு அதிகமாக இருந்திருக்கும்?

தோழி அருகில் இருந்தவர்களுக்குத்தான்! நாய் அருகில் இருந்தவர்களுக்கோ படபடப்பு மிகக் குறைவு. காரணம் ஊகிக்கக் கூடியதே. தோழி எவ்வளவு அன்பானவளாக இருந்தாலும், நாம் கணக்கில் தவறினால் அவளுக்குத் தெரிந்துவிடும். நாய்க்குக் கணக்குத் தெரியாது. அது நமக்கு மார்க் போடுவதில்லை. பரீட்சையில் தோற்றுவிட்டு வீடு திரும்பும் நாளில், வாசலில் எப்போதும்போல் வாலாட்டி நிற்கும் ஒரே ஜீவன் அதுதான்.

உடலுக்குள்ளும் ஏதோ நடக்கிறது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனின் அளவு கூடியது. தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாசம் வளர்வதில் பங்கு கொள்கிற ஹார்மோன்தான் அது. மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம் இவ்வாறு நிகழவில்லை. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து நாய் கற்றுக்கொண்ட பாடம் என்று இதைச் சொல்லலாம்.

மருந்து அல்ல, பொறுப்பு

இனி என் கருத்தைச் சொல்கிறேன். பிராணியின் ஆறுதல் உண்மையானது. ஆனால் அது மருந்துச் சீட்டு எழுதிக் கடையில் வாங்கக் கூடிய ஆறுதல் அன்று. அதில் பாதி, பிராணி நமக்குக் கொடுப்பது. மறுபாதி, நாம் அதற்குக் கொடுப்பதால் வருவது. வீட்டில் ஒரு சாவு நேர்ந்து யாருக்கும் எழுந்திருக்க மனமில்லாத காலையிலும் நாய்க்குப் பசிக்கும். அதற்குச் சோறு வைக்க ஒருவர் எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தவர் தாமும் ஒரு வாய் காப்பி குடிப்பார். துக்கம் சற்றே வழிவிடும்.

இதை மறந்தவர்கள் செய்த கொடுமையையும் நாம் பார்த்தோம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, தனிமை தாங்காமல் பல நாடுகளில் பலர் நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் வாங்கினார்கள். ஊரடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அவர்களில் சிலர் அவற்றைத் தெருவில் விட்டுவிட்டார்கள். ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். உங்கள் துன்பம் அதற்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும். உங்கள் கடமை தீராது. நாய் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்கும் முன் இதை எண்ணிப் பாருங்கள்.

அறிவியல் மாணவர்கள் மறக்கக் கூடாத வேறொன்றும் உண்டு. வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. எனவே நாய்க்கும் பூனைக்கும் தவறாமல் தடுப்பூசி போடச் செய்யுங்கள். கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் புண்ணை 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நம் வீட்டு நாய்தானே என்று வீட்டாரிடம் சொல்லாமல் மறைக்காதீர்கள்.

“மனிதனுக்கே சோறில்லாதபோது நாய்க்கு என்ன கொஞ்சல்?” என்று சிலர் கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சாதி நாய் வாங்குபவரைப் பற்றி நான் பேசவில்லை. மீந்த சோற்றைத் தின்று திண்ணையில் படுத்திருக்கும் நாட்டு நாயைப் பற்றியும், பள்ளி விட்டு வரும் பிள்ளையின் குரல் கேட்டதும் கத்தும் ஆட்டுக்குட்டியைப் பற்றியும் பேசுகிறேன். வறுமை உள்ள வீட்டில்தான் அவற்றின் துணை பெரிதாகத் தெரிகிறது.

இது வெறும் கொஞ்சல் அன்று என்பதற்கு ஒரு சான்று. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கத்ரினா என்னும் பெரும் சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. தங்கள் பிராணிகளை உடன் அழைத்துச் செல்ல முடியாது என்பதால் பலர் வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேற மறுத்தார்கள். அதன் பிறகு 2006இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. பேரிடர்க் காலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அச்சட்டம். நம் கடற்கரைக் கிராமங்களிலும் புயல் எச்சரிக்கை வரும்போது, ஆடு மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று குடிசையிலேயே தங்கிவிடுகிற முதியவர்கள் உண்டு. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஏசிப் பயனில்லை. அந்த ஆட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்கினால், ஆடும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பழகிய நாயோ பூனையோ ஆட்டுக்குட்டியோ இருந்தால் ஒரு சிறு சோதனை செய்யலாம். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை நாடித் துடிப்பு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 10 நிமிடம் பிராணியைத் தடவிக்கொடுத்தபடி அமைதியாக உட்காருங்கள். மீண்டும் எண்ணுங்கள். மறுநாள் அதே நேரத்தில், பிராணி இல்லாமல் 10 நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு எண்ணுங்கள். இரண்டாவது பகுதியை விட்டுவிட்டால் சோதனை செல்லாது. நாடி குறைந்தது பிராணியாலா, வெறுமனே உட்கார்ந்ததாலா என்று பிறகு எப்படிச் சொல்வீர்கள்? இரு வாரங்கள் மாறி மாறிச் செய்து சராசரி காணுங்கள். வருகிற எண் எதுவானாலும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் கண் சிவந்து வந்து, “எங்கள் வீட்டு மாடு செத்துப்போச்சு” என்றோ, “பூனையைக் காணோம்” என்றோ சொன்னால் சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் அந்த ஜீவன் யாருடைய இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இப்போது அத்தகைய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால், நான் வகுப்பில் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “அதற்கு என்ன பெயர்?” என்று மட்டும் கேட்கிறேன்.