எத்தனாவது வசனம்?

மறைக்கல்வித் தேர்வோ விவிலிய வினாடி வினாவோ நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பது இதுதான். பிள்ளை பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். நம் கையில் கேள்வித்தாள். "எரிகோ மதிலை எத்தனை நாள் சுற்றினார்கள்?" "ஏழு." "ஏழாம் நாள் எத்தனை தடவை?" "ஏழு." "எக்காளம் ஊதின குருக்கள் எத்தனை பேர்?" "ஏழு." அதோடு நிற்காமல், "அத்தனை பேரும் பேசாம எப்படிம்மா நடந்தாங்க?" என்று பிள்ளை கேட்கும். "அதெல்லாம் கேள்வியில வராது, அடுத்ததைச் சொல்லு" என்கிறோம்.

வராதுதான். ஆனால் கதையே அங்கேதானே இருக்கிறது? தான் சொல்லும் நாள் வரை யாருடைய குரலும் வெளியே கேட்கக் கூடாது என்று யோசுவா மக்களுக்குக் கட்டளையிடுகிறார். ஆறு நாளும் கொம்பு ஊதும் சத்தம், மண்ணில் கால்கள் படும் சத்தம், அவ்வளவுதான். ஏழாம் நாள் ஒரே ஆர்ப்பரிப்பு. அந்த ஆறு நாள் மௌனம் காதில் விழாத பிள்ளைக்கு, மதில் விழுந்தது ஒரு மதிப்பெண். வேறென்ன?

நம் வேளாங்கண்ணிப் பிள்ளைகளுக்கா காது இல்லை? கடல் இரைகிற விதத்தை வைத்தே இன்றைக்குப் படகு இறங்குமா என்று சொல்லிவிடும் பிள்ளைகள் ஆரிய நாட்டுத் தெருவில் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 29 திருவிழாக் கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை ஒலிபெருக்கியில் மாறி மாறி வரும் திருப்பலிகளில் எது மலையாளம், எது தெலுங்கு, எது கொங்கணி என்று அர்த்தம் தெரியாமலே சொல்வார்கள். மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் புயலடிக்கிறது. இயேசு படகின் பின்பக்கம் தலையணையில் தலைவைத்துத் தூங்குகிறார். காற்று சட்டென்று அடங்கினால் கடல் எப்படிக் கேட்கும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களிடம் போய், "இது எத்தனாவது வசனம்?" என்று ஏன் கேட்கிறோம்?

நமக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. மேடையேறிக் கேடயம் வாங்கட்டும் என்கிற ஆசைதான். பள்ளிக்கூடத்தில் மார்க், டியூஷனில் மார்க், இப்போது ஞாயிற்றுக்கிழமையிலும் மார்க். பதில் தப்பினால் கோயில் வாசலில் நாலு பேர் பார்க்கத் தலையில் ஒரு குட்டு. "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுறோம்" என்று அழுகை வேறு. தொடக்கநூலில் ஆகாரும் அழுகிறாள். பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, வாய்விட்டு அழுகிறாள். ஆனால் கடவுள் கேட்டது புதரடியில் கிடந்த அவள் பையனின் குரலை என்றுதான் எழுதியிருக்கிறது. நம் அழுகைச் சத்தத்தில் நம் பிள்ளையின் குரல் நமக்குக் கேட்கிறதா?

சாமுவேல் கதையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கிழவர் ஏலியைத்தான். இரவில் மூன்று முறை எழுப்பிய பையனை அவர் திட்டவில்லை. பையனை அழைப்பது கடவுள் என்று புரிந்ததும், அந்தக் குரல் என்ன சொல்லும் என்று விளக்கம் சொல்லவில்லை. கேட்கிறேன் என்று பதில் கொடு என்று மட்டும் சொல்லி அனுப்பினார். விடிந்ததும் அவரே கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காதே என்றார். வந்த செய்தி அவர் வீட்டுக்கே எதிரானது; தன் மகன்களைக் கண்டிக்காமல் விட்டதற்கான தீர்ப்பு. ஒரு சிறுவன் வாயிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டார். நாமாக இருந்தால், "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்கியிருக்க மாட்டோமா?

இத்தனைக்கும் நம் ஊர்க் கதையே ஒரு சிறுவன் சொன்னதில் தொடங்குவது. நடுத்திட்டில் மோர் விற்ற, நடக்க முடியாத பையன், கால் குணமாகி, மாதா சொன்னதைச் சொல்ல நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்றும், அங்கே ஒரு பெரியவர் அதைக் காது கொடுத்துக் கேட்டுக் கோயில் எழுப்பினார் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். "மோர் வித்த காசு எங்கே?" என்று மட்டும் அவர் கேட்டிருந்தால்?

வாரத்தில் ஒரு ராத்திரி கேள்வித்தாளை எடுத்து வைத்துவிட்டு, ஒரு கதையை உரக்க வாசிப்போம். எலியா மலையில் நிற்கும் பகுதி நல்ல தொடக்கம். பெருங்காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் தீக்கும் குரலை ஏற்றுங்கள், கடைசியில் வரும் மெல்லிய ஒலிக்கு இறக்குங்கள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்க வேண்டாம். பிள்ளை ஏதாவது கேட்டால், நமக்குப் பதில் தெரியாவிட்டாலும், அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கலாம். தேர்வுக்குப் படிக்க வேண்டியதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.